வலைப்பதிவை நம்பித் தொழிலில் இறங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வருகின்றன. வீட்டிலிருந்தபடியே ஒரு வலைப்பதிவு தொடங்கி, அதை வருமானத்துக்கு வழியாக்க முடியுமா? முடியும். ஆனால் பதிவு எழுதுவதே தொழில் என்று எண்ணி இறங்குபவர்கள்தான் பாதியில் நின்றுபோகிறார்கள். பதிவு உங்களுக்கு வாசகரின் நம்பிக்கையைத் தேடித் தரும். அந்த நம்பிக்கையின் பேரில் நீங்கள் விற்கும் பொருளும், நடத்தும் வகுப்பும், செய்துதரும் வேலையும்தான் பணத்தைக் கொண்டுவரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

கே: எனக்குத் தையல் நன்றாக வரும். ஆனால் தையலைப் பற்றி ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் புதிதாக என்ன எழுதிவிடப் போகிறேன்?

ப: 'தையல் கற்றுக்கொள்ளலாம்' என்று பொதுவாக எழுதினால் அந்த எத்தனையோ பேரில் நீங்களும் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது இயந்திரம் மக்கர் செய்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்து எழுதிப் பாருங்கள். அவர் தேடுபொறியில் 'தையல்' என்று தேடுவதில்லை. 'துணிக்கு அடியில் நூல் சுருண்டு கொத்தாக நிற்கிறது, என்ன செய்வது?' என்றுதான் தேடுகிறார்.

இதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. அடியில் நூல் சுருண்டால் எல்லோரும் முதலில் அடி நூல் சுற்றியிருக்கும் பாபினைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியே இருக்கும். நூல் அவற்றுக்கு நடுவில் இறங்காது. பிடிப்பில்லாத மேல் நூல் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். இதைச் சொல்ல நீளமான முன்னுரை வேண்டாம். நூல் சுருண்ட துணியின் அடிப்பக்கம், பாதம் இறங்கிய நிலை, தூக்கிய நிலை, சரியான தையல் என்று நீங்களே எடுத்த நான்கு படங்களும் சில பத்திகளும் போதும். அதைப் படித்துத் தன் இயந்திரத்தை ஓட வைத்தவர் உங்கள் பெயரை மறக்கமாட்டார்.

தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. கைவேலை தெரிந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, இப்படிப்பட்ட 30 சிக்கல்களை எழுதுங்கள். தடையில்லாமல் வந்து விழுந்தால் அது உங்களுக்கான தலைப்பு. பத்திலேயே பேனா நின்றுவிட்டால் வேறு தலைப்பை யோசிக்கலாம்.

கே: இலவசமாகத் தொடங்கலாமா, பணம் கட்டிச் சொந்த முகவரி வாங்க வேண்டுமா? முகநூலிலேயே நிறையப் பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். அது போதாதா?

ப: எழுதிப் பழகுவதற்கு இலவசத் தளம் போதும். 1999-இல் தொடங்கி, 2003-இல் கூகுள் வாங்கிய பிளாக்கர் இன்றும் இலவசம்தான். தொழில் என்று முடிவு செய்துவிட்டால் சொந்த டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்துக்கென்றே ஓர் இணைய முகவரியை, வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. இன்னொருவர் இடத்தில் எவ்வளவு பெரிய கூட்டத்தைச் சேர்த்தாலும் கதவைச் சாத்தும் உரிமை அவரிடம்தான் இருக்கிறது. முகநூல் பக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கிருப்பவர்களை உங்கள் தளத்துக்கு அழைத்து வாருங்கள்.

டொமைன் பெயரை உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். தளம் அமைத்துத் தருபவர் 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று தன் பெயரில் வாங்கிவிட்டால், பின்னாளில் அவரோடு மனக்கசப்பு வரும்போது முகவரியே கைவிட்டுப் போகும். டாட் காம் போன்றவற்றை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வரும். அது போய்ச் சேருவது நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலாக இருக்கட்டும்.

தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தருவது இலவச மென்பொருள். அதை நிறுவ ஹோஸ்டிங்கை, அதாவது தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடத்தை, நீங்கள்தான் வாங்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஹோஸ்டிங்கையும் சேர்த்துத் தரும் ஒரு சேவை. தொழிலுக்கு எது என்றால், நான் முதலாவதைத்தான் சொல்வேன். எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்கு மாறிவிடலாம்.

கே: விளம்பரத்தில் எப்போது பணம் வரும்? எவ்வளவு வரும்?

ப: அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். நேரடியாகவே சொல்கிறேன்: தொடக்கத்தில் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். விளம்பரதாரர் தரும் பணத்தில் ஏறத்தாழ 68 சதவீதம் தளம் வைத்திருப்பவருக்கு வருகிறது. முன்பு பெரும்பாலும் சொடுக்கினால்தான் காசு. 2024 முதல் விளம்பரம் காட்டப்படுவதற்கே காசு என்று கணக்கை மாற்றிவிட்டார்கள். உங்கள் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண் அஞ்சலில் வரும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பக்கப்பார்வைக்கு 1 டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கும் வாசகர் இருக்கும் நாட்டுக்கும் ஏற்ப இது கூடும், குறையும். முதல் 100 டாலரைப் பார்க்க ஒரு லட்சம் பக்கப்பார்வைகள் வேண்டும். மாதம் ஐயாயிரம் பார்வை வரும் தளத்துக்கு அது 20 மாதப் பயணம். அதே ஐயாயிரத்தில் பத்துப் பேர், நீங்கள் நடத்தும் ஒரு சிறிய இணைய வகுப்புக்கு ஆளுக்கு 10 டாலர் கட்டினால் அந்தத் தொகை ஒரே மாதத்தில் வந்துவிடும்.

அதனால் எழுதத் தொடங்கும்போதே நீங்கள் விற்கப்போவது எது என்பதையும் யோசித்துவிடுங்கள். பாடமாக இருக்கலாம், அச்சிட்டுக்கொள்ளும் அளவுப் படிவமாக இருக்கலாம், தனிப்பட்ட ஆலோசனையாகவும் இருக்கலாம். பார்வைகள் பெருகிய பிறகு விளம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும்போது உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்குவதோ, உறவினரைச் சொடுக்கச் சொல்வதோ கூடவே கூடாது. கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

கே: பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கலாமா? கமிஷன் வருகிறது என்று வாசகரிடம் சொல்ல வேண்டுமா?

ப: வாங்கலாம். கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்து அல்ல. இணைப்புக்கு முன்னால், கண்ணில் படும்படி. 'இந்த இணைப்பு வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். உங்களுக்குக் கூடுதல் செலவில்லை' என்ற ஒரு வரி போதும். பல நாடுகளில் சட்டமே இதைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் மறைப்பது தவறு.

1996-இல் அமேசான் தொடங்கிய கூட்டாளர் திட்டம்தான் இப்படிக் கமிஷன் தரும் திட்டங்களில் பலருக்கும் தெரிந்தது. அதில் சேர்ந்து 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். வாசகர்களே வராத நிலையில் அவசரப்பட்டுச் சேர்வதில் பயனில்லை. நீங்களே உங்கள் இணைப்பு வழியாக வாங்கிக்கொள்வதும் கணக்கில் சேராது.

நீங்கள் பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்காதீர்கள். ஒரு பொருளின் குறையை நேர்மையாக எழுதிவிட்டு, 'இருந்தும் இன்னாருக்கு இது பொருந்தும்' என்று சொல்லும் பதிவைத்தான் வாசகர் நம்புகிறார்.

கே: செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு நாளைக்கு 10 பதிவு போட்டால் சீக்கிரம் வளருமா?

ப: வளராது. தேடல் தரவரிசைக்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை, 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் தடைசெய்யப்பட்டதாக வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. அவற்றை மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கேள்வியே அல்ல. எழுத்துப்பிழை பார்க்கவும், தலைப்புக்கு நாலைந்து யோசனை கேட்கவும் அதைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோக்க வேண்டும் என்று உங்கள் கை கற்றுக்கொண்டதை நீங்கள்தான் எழுத வேண்டும். வாரம் ஒன்று போதும். அந்த ஒன்று, தேடி வந்தவரின் சிக்கலைத் தீர்க்க வேண்டும்.

கே: இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுத்துப் போடலாமா? எடுத்த இடத்தைக் குறிப்பிட்டால் போதும்தானே?

ப: போதாது. படத்தை எடுத்த கணத்திலேயே காப்புரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறது; எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவில்லாமலே இந்த உரிமையைத் தரும், 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. நன்றி போட்டால் அது அனுமதி ஆகிவிடாது. பிறர் பயன்படுத்தலாம் என்று எடுத்தவரே நிபந்தனையோடு அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு கிடைக்கும் படங்களிலும் 'வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வகையைத் தொடாதீர்கள். உங்கள் தளம் தொழில் நடத்தும் தளம். இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் இருப்பவை பொதுவாக வணிகப் பயன்பாட்டையும் அனுமதிப்பவை, ஆனால் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் படித்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் நீங்களே எடுப்பதுதான் எல்லாவற்றையும் விட நல்லது.

கே: தமிழில் எழுதினால் வருமானம் வருமா? ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

ப: ஆட்சென்ஸ் 2018-இலேயே தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டது, அந்தத் தடை இப்போது இல்லை. பார்வைக்குக் கிடைக்கும் விளம்பரப் பணம் ஆங்கிலத்தில் பொதுவாகக் கூடுதல் என்பது உண்மை. போட்டியும் அங்கே பல மடங்கு. உங்கள் வருமானம் வகுப்பிலிருந்தோ சேவையிலிருந்தோ வரப்போகிறது என்றால், அந்த வகுப்பை எந்த மொழியில் தயங்காமல் நடத்துவீர்களோ அதிலேயே எழுதுங்கள்.

கே: எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது. வாங்கிக்கொள்ளலாமா?

ப: சத்தமில்லாமல் இணைப்பு விற்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. பணம் பெற்ற இணைப்பில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டைச் சேர்க்க 2019 முதல் வழி இருக்கிறது. அந்தக் குறியீட்டோடு போடுகிறேன் என்று பதில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அதோடு காணாமல் போவார்கள். சம்மதிக்கிறவர், உங்கள் வாசகருக்கு உண்மையில் பயன்படும் எதையாவது விற்கிறாரா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கே: வீட்டில் இருப்பதால் நான் சும்மா இருக்கிறேன் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். எழுத உட்கார்ந்தாலே ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

ப: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்துவிட்டது. வருமானம் வரும்வரை யாரும் இதை வேலையாக மதிப்பதில்லை. மதித்து நேரம் விட்டுக்கொடுக்காமல் வருமானமும் வராது. இந்தச் சுழலை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'கொஞ்சம் எழுத வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'செவ்வாயும் வெள்ளியும் 10 முதல் 12 வரை நான் வேலையில் இருப்பேன்' என்று சொல்லுங்கள். நேரத்துக்கு ஒரு பெயரும் எல்லையும் வந்துவிட்டால் மற்றவர்களுக்கும் அதை மதிப்பது எளிதாகிறது.

துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தையும் விடாதீர்கள். படம் எடுப்பது, வாசகருக்குப் பதில் எழுதுவது, பழைய பதிவைத் திருத்துவது எல்லாம் பத்து நிமிடத்திலும் நடக்கும். புதிய பதிவின் முதல் வரைவுக்குத்தான் கலையாத நேரம் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே வரவுசெலவைத் தனி நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வரி கணக்கிடும்போது அது உதவும். நடப்பது தொழில் என்பதும் வீட்டாருக்குத் தெரியும்.

கே: ஆறு மாதமாக எழுதுகிறேன். ஆள் வருவதில்லை. விட்டுவிடலாமா?

ப: விடுவதற்கு முன் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். கூகுள் இலவசமாகத் தரும் கருவி. 16 மாதத் தகவல் வரை அதில் இருக்கும். உங்கள் பக்கம் தேடல் முடிவுகளில் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் தனித்தனியாகக் காட்டும்.

பல தடவை காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லை, இடமோ எட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்கிறது என்றால் அந்தப் பதிவில் உயிர் இருக்கிறது. மக்கள் எந்தச் சொற்களால் தேடியிருக்கிறார்கள் என்று பார்த்துத் தலைப்பை அந்தச் சொற்களிலேயே மாற்றுங்கள். அவர்கள் கேட்டும் நீங்கள் சொல்லாமல் விட்டதை ஒரு பத்தியாகச் சேருங்கள். புதிதாக ஐந்து பதிவு எழுதுவதைவிட இப்படி ஒன்றைச் செப்பனிடுவது பலன் தரும்.

எந்தத் தேடலுக்கும் எந்தப் பக்கமும் காட்டப்படவே இல்லை என்றால், ஒன்று கூகுள் உங்கள் பக்கங்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அல்லது நீங்கள் எழுதுவதை யாரும் தேடவில்லை. முதலாவதை அதே கருவியில் ஒரு பக்க முகவரியைக் கொடுத்துச் சோதித்துவிடலாம். இரண்டாவது என்றால் தலைப்பை மாற்ற வேண்டும். தளத்தை மூட வேண்டியதில்லை.

இதற்கிடையில் வந்துபோகும் சிலரையாவது தக்கவைத்துக்கொள்ள, பதிவின் முடிவில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் ஒரு சிறு படிவம் வையுங்கள். சம்மதித்துத் தந்தவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். விலகும் வழியை ஒவ்வொரு மடலிலும் தெளிவாகக் காட்டுங்கள். நாற்பது பேர் சேர்ந்ததும் அவர்களிடமே கேளுங்கள்: 'இப்போது உங்களுக்குத் தீராமல் இருக்கும் சிக்கல் என்ன?' வரும் பதில்களிலிருந்து அடுத்த பத்துப் பதிவுகளையும், உங்கள் முதல் வகுப்பின் தலைப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.