தெருப்பக்கம் சன்னல் இல்லாத சொகுசு அறை

கேள்வி: எங்கள் 30ஆவது திருமண நாளுக்காக நானும் என் கணவரும் டிசம்பரில் மொரோக்கோவின் மராக்கேஷ் நகருக்குச் செல்லவிருக்கிறோம். பழைய ‘ரியாத்’ வீடொன்றின் மேல்மாடியில் மகள் சொகுசு அறை பார்த்து வைத்திருக்கிறாள். படங்களில் தெருவைப் பார்த்த சன்னல் ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பணம் கொடுத்து இருட்டறையிலா தங்குவது? கணவருக்கு முழங்கால் வலி வேறு.
- வாசகி, தோ பாயோ

பதில்: இருட்டைப் பற்றிய கவலை வேண்டாம். ரியாத் என்ற அரபுச் சொல்லே தோட்டத்தைக் குறிப்பது. தெருவுக்கு வெறுஞ்சுவரைக் காட்டிவிட்டு, மரமும் நீரூற்றும் உள்ள நடுமுற்றத்தை நோக்கியே கதவு சன்னல்களை எல்லாம் திறந்துவைத்த வீடு அது. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து மழை பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் புதிதன்று. உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளமே அகலத்துக்கு எல்லை என்பதால், அறைகள் பெரும்பாலும் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். அதைக் குறையென்று எண்ணாதீர்கள்.

என்னைக் கேட்டால், கொடுக்கும் பணத்துக்கான பொருள் குளியலறைச் சுவரில்தான் இருக்கிறது. ‘தாதெலாக்த்’ எனப்படும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை வழவழப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைப் பூசி மறுபடியும் மெருகேற்றுவார்கள். சோப்பு சுண்ணாம்போடு கலந்து தண்ணீர் இறங்காத மேற்பரப்பாகிவிடுகிறது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத, கல் தேய்த்த தடங்கள் மெல்லிய மேடுபள்ளங்களாகக் கையில் படும்.

ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு மேல்மாடி அறை வேண்டவே வேண்டாம். அந்த வீடுகளில் படிகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும். நம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளைப் போல மின்தூக்கியை எதிர்பார்க்க முடியாது. கீழ்த்தள அறையைக் கேளுங்கள். முற்றத்தில் காலையுணவுத் தட்டுகளின் ஓசை சற்று முன்னதாகவே எழுப்பிவிடும் என்றாலும், கால் வலியோடு ஒப்பிட்டால் அது பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான்.

டிசம்பர் இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கோடை வெயிலைத் தடுக்கக் கட்டிய தடித்த சுவர்கள் குளிர்காலத்தில் குளிரையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், படுக்கையறையில் மட்டுமன்றிக் குளியலறையிலும் சூடேற்றி உண்டா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். 1985 முதல் உலக மரபுடைமைப் பட்டியலில் இருக்கும் மராக்கேஷின் பழைய நகர்ப்பகுதியின் சந்துகள் பலவற்றில் கார் நுழையாது; பெட்டிகள் தள்ளுவண்டியில்தான் வரும். கார் எந்த இடம்வரை வரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அழைத்துச் செல்ல ஆள் வருவாரா என்பவற்றையும் பணம் கட்டும் முன்னரே மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.