சிபேனலில் மைன்கிராஃப்ட் எஸ்ஆர்வி: டார்கெட்டில் ஐபி வேண்டாம்

வணக்கம் நண்பரே. சர்வர் 25570 போர்ட்டில் ஓடுது, ப்ளே சப்டொமைனை மட்டும் போட்டா ஆட்கள் உள்ளே வரணும், சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்) டார்கெட்டில் ஐபி கொடுத்து எஸ்ஆர்வி (ஒரு பெயருக்கு எந்த சர்வர், எந்த போர்ட்னு சொல்ற டிஎன்எஸ் ரெக்கார்டு) சேர்த்தும் வரலைன்னு கேட்டிருந்தீங்க. சிக்கலே அந்த ஐபிதான். எஸ்ஆர்வி டார்கெட் ஹோஸ்ட் பெயராத்தான் இருக்கணும். அந்தப் பெயருக்கு நேரடியா ஏ ரெக்கார்டு (பெயரை ஐபியோடு இணைப்பது) இருக்கணும், சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டுவது) கூடாது.

சிபேனலின் சோன் எடிட்டரில் (டிஎன்எஸ் ரெக்கார்டுகளை மாத்துற இடம்) மேனேஜ் அழுத்தி, முதலில் எம்சி என்ற பெயருக்கு சர்வர் ஐபியை வைத்து ஏ ரெக்கார்டு போடுங்க. அப்புறம் எஸ்ஆர்வி. பெயர் _மைன்கிராஃப்ட்._டிசிபி.ப்ளே, அதோடு உங்கள் டொமைன் (ஆங்கிலத்தில் டைப் செய்யணும், இரண்டு அடிக்கோடும் கட்டாயம்). ப்ரையாரிட்டி 0, வெயிட் 5, போர்ட் 25570, டார்கெட் எம்சி.உங்கள்டொமைன். சேமித்ததும் பெயரை ஒருமுறை பார்த்துடுங்க: டொமைன் இரண்டு தடவை ஒட்டியிருந்தா பெயரின் கடைசியில் வைக்க வேண்டிய புள்ளி விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

உங்கள் டொமைனின் நேம்சர்வர் (டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வெளியே காட்டும் சர்வர்) கிளவுட்ஃப்ளேர் சேவையில் இருந்தா சிபேனலில் என்ன மாத்தினாலும் வெளியே தெரியாது. ரெக்கார்டுகளை அங்கேயே சேருங்க, எம்சிக்கான ஆரஞ்சு மேகத்தை (டிராஃபிக் கிளவுட்ஃப்ளேர் வழியாப் போகுதுன்னு காட்டும் குறி) அழுத்திச் சாம்பலாக்குங்க. ஆரஞ்சில் விட்டா கேம் டிராஃபிக் போய்ச் சேராது.

இது ஜாவா பதிப்புக்குத்தான். பெட்ராக் (மொபைல், கன்சோல் போன்றவற்றில் ஓடும் பதிப்பு) எஸ்ஆர்வியைப் பார்க்காது, அதில் ஆடுறவங்க போர்ட்டைக் கையாலே போட்டாகணும்.