போர் தண்ணியும் ஷேவிங் சோப்பும்: எரியும் தோல்காரர்களுக்குச் சில பதில்கள்

கொங்குப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். சோப்பைப் பற்றிக் கேட்டவர்களில் பலருக்கும் உண்மையான சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

“கோயமுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போனா இதே சோப்பு அருமையா நுரைக்குதுங்க. எங்க வீட்டு போர் தண்ணியில வெள்ளை வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டுது, முகமும் எரியுது. சோப்பை மாத்தோணுங்களா?” (பல்லடம்)

சோப்பை மாற்ற வேண்டாங்க, தண்ணீரை மாற்றுங்கள். அக்கா வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்று நினைக்கிறேன். மலையில் பெய்த மழை அதிகம் பாறையில் ஊறாமல் வந்து சேர்வதால் அதில் உப்புகள் குறைவு. உங்கள் போர் தண்ணீர் பாறை இடுக்கில் கிடந்து, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சோப்பு இவற்றோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு கசடாக மாறிவிடும். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பிசுபிசுப்பு அதுதான். அது நுரையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. முகம் கழுவிய பிறகும் தோலில் படிந்து கிடந்து, மழித்த இடத்தை உறுத்திக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வரும் எரிச்சலில் பெரும்பங்கு இதனால்தான் இருக்கும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி மொத்தக் கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினமா என்று மட்டும் அறிய ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. மூடியுள்ள ஒரு சின்ன பாட்டிலில் பாதி போர் தண்ணீர், இன்னொன்றில் பாதி கேன் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் ஷேவிங் சோப்பை ஒரே அளவு சுரண்டிப் போட்டுக் குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை மேலே எழும்பி நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை சட்டென்று அமுங்கி, திட்டுத் திட்டாகக் கசடு மிதக்கும்.

நுரை கட்ட ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தேவைப்படாது. அதனால் பிரஷ் நனைக்கவும், நுரை கட்டவும், கடைசியாக முகம் அலசவும் மட்டும் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ரேசர் கழுவ போர் தண்ணீரே போதும். கொதிக்க வைத்து ஆற்றினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், மீதி அப்படியே இருக்கும். சோப்பு அட்டையில் டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. என்று போட்டிருந்தால் அது கால்சியத்தைப் பிடித்து வைக்கும் பொருள். போர் தண்ணீர்க்காரர்களுக்கு நல்லது.

“குளிக்கிற சோப்பையே போட்டு ஷேவ் பண்றேன். டி.எஃப்.எம். 76 சதவீதம், முதல் தரம்னு போட்டிருக்குங்க. அப்புறம் எதுக்குத் தனியா ஒண்ணு?” (உடுமலை)

டி.எஃப்.எம். என்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. எவ்வளவு கொழுப்பு என்று அது சொல்லும், எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. ஷேவிங்குக்கு அந்த ‘எந்த’ தான் முக்கியம்.

குளியல் சோப்பு பெரும்பாலும் பாமாயிலையும், தேங்காய் எண்ணெய் அல்லது பாம் கெர்னல் எண்ணெயையும் சோடியம் காரத்தோடு சேர்த்துச் செய்வது. சட்டென்று நுரைத்து, சட்டென்று அடங்கும். குளிக்க அது போதும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் தூக்கலாக இருக்கும், பொட்டாசியம் காரமும் சேரும். அதனால் குமிழ்கள் மிகச் சின்னதாக, நெருக்கமாக, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தக் கன்னம் முடித்து அந்தக் கன்னத்துக்கு வரும் வரை காய்ந்துவிடக் கூடாது அல்லவா, அதற்குத்தான் தனி சோப்பு.

கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (அல்லது பொட்டாசியம் ஸ்டியரேட்), கிளிசரின் ஆகியவை பட்டியலின் முன்பகுதியில் இருந்தால் வாங்கலாம். எரியும் தோலுக்கு வாசனை இல்லாததே நல்லது. மென்தால் போட்ட குளுகுளு சோப்பை விட்டுவிடுங்கள். அந்தச் சில்லிப்பில் எரிச்சல் தெரியாமல் போகும், குறையாது. ‘இயற்கை வாசனை’ என்று போட்டதாலேயே மென்மையானது என்றும் நம்ப வேண்டாம். எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருபவை. சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது மாட்டுக் கொழுப்போ ஆட்டுக் கொழுப்போ கலந்தது. ஷேவிங்குக்கு நன்றாகவே வேலை செய்யும். சைவக்காரர்கள் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. உண்மையான சோப்பு எதுவானாலும் காரத்தன்மை உள்ளதுதான், பி.எச். 9, 10 அளவில் இருக்கும். தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டியது. பெரும்பாலான தோல் இதைத் தாங்கி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) உள்ளவர்களுக்கு எந்த சோப்பும் ஒத்துவராமல் போகலாம். அவர்கள் சோப்பே இல்லாத ஷேவிங் கிரீமுக்குப் போவதுதான் சரி.

“சோப்பு, பிரஷ் ரெண்டும் நல்லதாத்தான் வாங்கினேன். கிண்ணம் நிறைய நுரை வருது, ஆனா பிளேடு இழுக்குதுங்க.” (கோபிசெட்டிபாளையம்)

கிண்ணம் நிறைய வருவதுதான் பிரச்சினை. அதில் காற்று அதிகம், சோப்பும் தண்ணீரும் குறைவு. பிளேடை வழுக்க வைப்பது ஈரமான சோப்பு, நுரையின் உயரம் அல்ல.

முதலில் முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். குளித்த கையோடு மழிப்பது இன்னும் நல்லது. நனைந்த முடி வெட்டுவதற்கு மெத்தென்று இருக்கும். பன்றிமுடி பிரஷ் என்றால் சோப்பில் வைக்கும் முன் ஐந்து நிமிடம் தண்ணீரில் கிடக்கட்டும். சிந்தெடிக் பிரஷ் தண்ணீர் குடிக்காது, நனைத்தால் போதும். எரியும் தோலுக்கு நுனி மெத்தென்ற சிந்தெடிக்கையே நான் சொல்வேன்.

பிரஷ்ஷை ஒரு உதறு உதறிவிட்டு சோப்பின் மேல் சுற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழாக, தண்ணியாக ஓடும். பலர் இதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் அரை நிமிடமாவது சுற்றுங்கள். குமிழ் மெல்ல மறைந்து, முடியின் நுனியில் பசை மாதிரி கெட்டியாகச் சோப்பு ஏறும். அப்போதுதான் கிண்ணத்துக்கு வர வேண்டும். இனி நாலைந்து சொட்டுத் தண்ணீர், அடி, மறுபடி நாலைந்து சொட்டு, அடி. கடைந்த தயிர் பதத்தில் மேலே ஒரு மினுமினுப்பு வரும் வரை.

கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் தயார். ஒட்டினால் இன்னும் தண்ணீர் வேண்டும். முகத்தில் பூசியதும் வடிந்தால் சோப்பு குறைவு. எரிச்சல்காரர்கள் பிரஷ்ஷை முகத்தில் அழுத்திச் சுழற்ற வேண்டாம், அந்தத் தேய்ப்பே தோலைச் சிவக்க வைக்கும். கிண்ணத்தில் கட்டிய நுரையைப் பெயின்ட் அடிக்கிற வாக்கில் பூசினால் போதும். இரண்டாம் தடவை மழிக்கும் முன் மறுபடி பூசுங்கள். நுரை இல்லாத இடத்தில் பிளேடு படவே கூடாது.

“எங்க தோப்புத் தேங்காய் எண்ணெயில குளியல் சோப்பு போட்டு விக்கறேனுங்க. இதுலயே ஷேவிங் சோப்பு செய்ய முடியுங்களா?” (பொள்ளாச்சி, வீட்டிலேயே சோப்பு செய்யும் சகோதரி)

தனித் தேங்காய் எண்ணெயில் வேண்டாம். அதில் லாரிக் அமிலம் அதிகம். பெரிய குமிழாக நுரைக்கும், நிற்காது, தோலையும் வறள வைக்கும். ஸ்டியரிக் அமிலத்தைப் பிரதானமாக வைத்து, தேங்காய் எண்ணெயைத் துணைக்குக் கொஞ்சம் சேருங்கள். ஆமணக்கு எண்ணெய் சிறிது சேர்த்தால் நுரை நிலைக்கும். காரத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பெரும்பங்கும் சோடியம் ஹைட்ராக்சைடு மிச்சமும் என்று கலந்து எடுக்க வேண்டும். ஒன்றின் அளவை மற்றதற்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு செய்யும் வேலைக்குச் சுமார் 1.4 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஸ்டியரிக் அமிலம் காரத்தைப் பார்த்ததும் கெட்டியாகிவிடும் என்பதால், சூடாக வைத்துக் கிளறும் முறைதான் இதற்குச் சரி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் காரத்தைத் தொட வேண்டாம். விற்கும் முன் காரம் மிச்சமில்லை என்று சோதித்த பிறகே வெளியே கொடுங்கள்.

“செக்கு எண்ணெய் தடவி, அது மேல நுரை போட்டா எரிச்சல் குறையுமா?” (காங்கேயம்)

எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். மழித்து, அலசி, முகம் லேசாக ஈரமாக இருக்கும்போது இரண்டு சொட்டுத் தடவுங்கள். பரு வருகிற முகம் என்றால் தேங்காய் எண்ணெய் அதற்கும் வேண்டாம்.

“கழுத்துல மட்டும் சின்னச் சின்ன முடிச்சா வருது. எந்த சோப்புக்கும் அடங்கலைங்க.” (பெருந்துறை)

இதற்குச் சோப்பு மருந்தல்ல. சுருள் முடி மழித்த பிறகு வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே குத்துகிறது. மிக ஒட்ட மழிப்பதால்தான் அது தோலுக்கு அடியிலேயே சிக்கிக்கொள்கிறது. கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு நாள் வளர விட்டு விரலால் தடவிப் பாருங்கள். பலருக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரே வாக்கில் இருக்காது. அந்த வாக்கிலேயே, ஒரே ஒரு தடவை, தோலை இழுத்துப் பிடிக்காமல் மழியுங்கள். எதிர் வாக்கில் போகவே வேண்டாம். தினமும் மழித்தே ஆக வேண்டிய வேலை இல்லை என்றால் டிரிம்மரில் கொஞ்சம் முடி விட்டு வெட்டுவது இதைவிட நல்லது. சீழ் பிடித்தாலோ தழும்பு தடித்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

“ஷேவ் பண்ணினதும் மஞ்சள் பூசலாமா, படிகாரம் தேய்க்கலாமா?” (ஈரோடு)

மஞ்சள் ஊர்க்காரர் கேட்கிறீர்கள், ஆனாலும் உடனே வேண்டாம். மழித்த தோலில் பொடி உரசும், சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமை தரும். படிகாரம் சின்ன வெட்டுக்காயத்தில் ரத்தத்தை நிறுத்தும். முகம் முழுக்கத் தேய்த்தால் வறட்சி வரும். காயம் பட்ட இடத்தில் மட்டும் வைத்து, அரை நிமிடத்தில் அலசிவிடுங்கள்.

“மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்துட்டேன். இறக்கினதும் எப்படி எடுக்கறது?” (அவிநாசி)

முதலில் டிரிம்மரிலோ கத்தரியிலோ ஒட்ட வெட்டிவிட்டு, அப்புறம் நுரை போடுங்கள். நீள முடியில் பிளேடு போட்டால் இழுத்துப் பிடுங்கும். பல நாள் மூடியிருந்த தோல் என்பதால் முதல் நாள் ஒரு தடவை மழித்தால் போதும்.

“அப்பாவுக்கு 70 வயசு, சர்க்கரை இருக்கு. சலூன்லதான் மழிச்சுக்குவார். ஒவ்வொரு தடவையும் கன்னத்துல கொப்புளம்.” (தாராபுரம்)

அப்பாவுக்கென்று ஒரு பிரஷ், ஒரு சோப்பு, ஒரு சின்னப் படிகாரக் கட்டி வாங்கிப் பையில் போட்டுக் கொடுங்கள். ஒரே பிரஷ்ஷும் ஒரே படிகாரமும் எல்லார் முகத்திலும் படுவதால் தொற்று பரவும். சர்க்கரை உள்ளவருக்கு அது ஆற நாளாகும். கண் முன்னாலேயே புது பிளேடு மாட்டச் சொல்லட்டும். பழைய பிளேடால் மஞ்சள் காமாலை பி போன்ற நோயும் பரவலாம். பல வருடம் பழகிய கடை என்றால் கேட்கத் தயங்குவார், நீங்களே ஒரு முறை கூடப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பிரஷ்ஷை வீட்டுக்கு வந்ததும் அலசி, உதறி, காற்றுப் படும் இடத்தில் காய வையுங்கள், ஈரத்தோடு டப்பாவில் மூட வேண்டாம். இப்போதுள்ள கொப்புளம் ஆறும் வரை ஷேவிங்கே வேண்டாம். ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.