பழைய டொல்பின் வானுக்கு வீட்டிலேயே காற்றுத் தகடு செய்து பூட்டினால் டீசல் மிச்சமாகுமா?

கேட்டவர் கல்முனைக்காரர். வான் 1990களின் டொயோட்டா ஹையேஸ், நாம் டொல்பின் என்பது. வாரத்தில் இரண்டு கொழும்பு ஹயர். முன்பம்பருக்குக் கீழே ஒரு தடுப்பு, அடியில் தகடு, பின்னால் வால் மாதிரி ஏதாவது செய்து பூட்டினால் டீசல் குறையுமா என்று கேட்கிறார்.

குறையும். ஆனால் பூட்டியதால் எனக்குக் கிடைத்ததைவிடக் கழற்றியதால் கிடைத்தது அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஒன்றரை வருடம் தலைகீழாகத்தான் போனேன்.

என்னுடையதும் டொல்பின்தான், 2.8 லீற்றர் டீசல் என்ஜின். பைத்தியம் பிடித்தது 2022இல். அந்த ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது, ஆறு மாதத்துக்கு முன் 121 ரூபாவாக இருந்தது. பிறகு கியூஆர் கோட்டா என்று எரிபொருள் பங்கீடு வந்தது, வானுக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானுக்கு 20 லீற்றர் என்றால் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு ஒரு வழிகூடக் காணாது. ஹயர் இல்லை, நேரம் நிறைய இருந்தது, வீட்டில் ட்ரில் மெஷினும் இருந்தது.

முதல் வேலை முன்பம்பருக்குக் கீழே ஒரு தடுப்பு. வானின் அடிப்பக்கம் அச்சு, பைப், சைலன்சர் என்று மேடு பள்ளமாகக் கிடக்கிறது, அங்கே காற்று போய்ச் சிக்கினால் இழுவைதான். தகரத்தில் செய்தால் முதல் வேகத்தடையிலேயே மடங்கிவிடும். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் கழித்துப் போட்ட பெல்ட் துண்டு கிடைத்தது. நாலு அங்குல உயரத்துக்கு வெட்டி, அலுமினியப் பட்டியை மேலே வைத்து நட்டுப் போட்டு இறுக்கினேன். அடிபட்டால் வளையும், பிறகு நிமிரும். இதுவரை ஒருமுறைகூடக் கிழியவில்லை. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “வானுக்குப் பாவாடை கட்டியிருக்கியா மனே?” என்று கேட்டார். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்தது அடித்தகடு. காத்தான்குடியில் எனக்கு வழக்கமாக டிங்கரிங் செய்யும் நானாவிடம் போனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, என்ஜின் உங்கட சீட்டுக்குக் கீழ இருக்கு. அத மூடினா சூடு எங்கால போகும்?” என்றார். சரியான கேள்வி. அதனால் என்ஜினுக்கும் சைலன்சருக்கும் கீழே திறந்து விட்டு, நடுப்பகுதிக்கு மட்டும் பழைய விளம்பரப் பலகையின் பிளாஸ்டிக் தகட்டைக் கேபிள் டை போட்டுக் கட்டினேன். நீங்கள் செய்வதானால் பிளாஸ்டிக்கைப் புகைக்குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். என் தகடு அந்த மாரியில் கிரான் பக்கம் வெள்ளத்துக்குள் இறங்கியபோது பாதி பிய்ந்து, மீதி ரோட்டை உரசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. திரும்பக் கட்டவில்லை.

மூன்றாவது, என் மடத்தனம். முன் கிரில்லை முக்கால்வாசி அட்டையால் மூடினேன். ரேடியேட்டருக்குள் நுழையும் காற்றும் இழுவை தரும், அது உண்மை. குளிர்நாட்டுக்காரர்கள் மூடுகிறார்கள். நமக்கு? மகியங்கனை தாண்டிக் கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில், ஏசி போட்டபடி எட்டுப் பேருடன் போகும்போது சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கியது. ஓரம் கட்டி, அட்டையைப் பிய்த்துக் காட்டுக்குள் எறியப் பார்த்து, பிறகு வெட்கப்பட்டு சீட்டுக்கு அடியில் வைத்தேன். டீசல் என்ஜின் ஒருமுறை கொதித்து ஹெட் போனால், பத்து வருடம் மிச்சம் பிடித்த டீசல் காசும் போதாது. கிரில்லைத் தொடாதீர்கள்.

பின்பக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வானுக்கு உண்மையான நட்டம் அங்கேதான். கிறவல் ரோட்டில் ஓடிய பிறகு பின்கதவைப் பாருங்கள், புழுதி அப்பிக் கிடக்கும். முன்கண்ணாடியில் அவ்வளவு இருக்காது. வெட்டி விட்டது போன்ற பின்புறத்தில் காற்று ஒட்டிப் போகாமல் கழன்று, சுழன்று, அழுத்தம் குறைந்த ஒரு குழியை உண்டாக்குகிறது. அந்தக் குழிதான் வானைப் பின்னால் இழுக்கிறது, புழுதியையும் உறிஞ்சுகிறது. நான் மருதமுனையில் நெசவுக்காரர் ஒருவரிடம் மிச்ச நூல் வாங்கி, ஒரு சாண் துண்டுகளாக வெட்டிக் கூரையிலும் பக்கங்களிலும் டேப் போட்டு ஒட்டினேன். மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஃபோனில் படம் பிடித்தான். பக்கத்து நூல்களெல்லாம் நேராகப் படுத்திருந்தன. கூரையில் சாமான் ஏற்றும் கரியருக்குப் பின்னால் இருந்தவையும் கதவில் இருந்தவையும் பேய் பிடித்த மாதிரி ஆடின. இந்த விஷயம் முழுவதிலும் காசு செலவில்லாமல் நான் கற்றது அந்த ஒன்றரை நிமிடப் படத்தில்தான்.

அந்தக் குழியைச் சின்னதாக்க, பின்விளிம்புகளில் உள்நோக்கிச் சாய்ந்த தகடுகளை நீட்டலாம். வேலை செய்யும். ஆனால் நம் கதவு மேலே தூக்கித் திறப்பது. அமானோ கூரைத் தகரத்தில் ஒரு மாதிரி செய்து வைத்துப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை, பயணப்பை ஏற்ற முடியவில்லை. கூரான தகரம் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றால் மோட்டார் சைக்கிள்காரருக்கு ஆபத்து, பொலிஸும் விடாது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றையெல்லாம் கழற்ற வைத்தார்கள், ஞாபகம் இருக்கும்.

முன்மூக்கைப் பற்றியும் யாராவது சொல்லுவார்கள். 1970களில் நாசா ஆய்வாளர்கள் கலிபோர்னியா பாலைவனத்தில் ஒரு வானைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துச் சப்பாத்துப் பெட்டி மாதிரி ஆக்கி ஓட்டினார்கள். பிறகு மூலைகளை உருட்டியபோது காற்றின் இழுவை ஏறத்தாழப் பாதியானது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் டொல்பினின் மூலைகள் ஏற்கெனவே உருண்டவை. அந்த லாபம் தொழிற்சாலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

இனிக் கணக்கு. நம் ஆட்கள் ஏமாறுவது இதில்தான். ஆடி மாதம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது மட்டக்களப்பில் இருந்து வெலிக்கந்தை, பொலன்னறுவைப் பக்கம் போனால் காற்று முகத்தில். திரும்பி வரும்போது முதுகில். எழுபதில் ஓடும் வானுக்கு எதிரே இருபது வேகத்தில் காற்று வந்தால் வான் தொண்ணூறில் போகும்போது படுகிற இழுவையைப் படும். இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். திரும்பி வரும்போது பாதியாகிவிடும். அதனால் புதிதாக ஒன்றைப் பூட்டிவிட்டு ஒரு வழி மட்டும் ஓடிப் பார்த்து “லீற்றருக்கு ரெண்டு கூடிட்டு” என்று சொல்பவரை நம்ப வேண்டாம், அவருக்குக் கூடியது கச்சான். நான் விடியற்காலை காற்று இல்லாத நேரத்தில் வாழைச்சேனையில் இருந்து வாகரைக்குப் போய் வருவேன். ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், நுரை அடங்கும்வரை பொறுத்து வாய்வரை நிரப்புவேன். கிலோமீற்றர் மானியை ரோட்டுக் கல்லோடு ஒத்துப் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில் ஆரம்பம் லீற்றருக்கு 10.2 கிலோமீற்றர். கரியரையும் அதில் எப்போதும் மடித்துக் கிடந்த படங்கையும் கழற்றியதும் 10.7. பாவாடையும் அடித்தகடும் சேர்ந்து 10.9. இந்தக் கடைசிப் புள்ளி இரண்டு உண்மையா, பம்பின் நுரையா என்று சத்தியம் பண்ண மாட்டேன். பிறகு எண்பத்தைந்தில் ஓடும் பழக்கத்தை விட்டு, சட்டம் சொல்கிற எழுபதுக்குள் ஓடினேன், 12.1. அதற்கு ஒரு நட்டுக்கூட வாங்கவில்லை.

தகடு வாங்கப் போவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். ஓடி முடித்ததும் நாலு சக்கரத்துக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எயார் ஃபில்டர், இன்ஜெக்டர் நொசில் பற்றி உங்கள் மெக்கானிக் பாஸ் சொல்லுவார். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஊருக்கு ஊர் நின்று நின்று ஓடும் ஹயர் என்றால் காற்றுத் தகடு பற்றி யோசிக்கவே வேண்டாம், அந்த வேகத்தில் காற்று பெரிய ஆள் இல்லை. உங்கள் கொழும்பு ஓட்டத்துக்கு மட்டும்தான் இந்தக் கதை.

பாவாடை இன்னும் வானில் இருக்கிறது, டீசலுக்காக அல்ல, மழைக்குச் சேறு அடிப்பது குறைகிறது என்பதற்காக. கரியரை வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பத்தில் தூக்கி வைத்தேன். அம்மா அதில் பாவற்கொடி படரவிட்டிருக்கிறார்.