வாசகர் கேள்வி: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு நிற்கிறவர் எதை வாக்குக் கொடுக்கலாம்?

பொதுக்கூட்டக் காலம் என்பதால் இம்முறை வந்த கடிதங்களில் பாதி பாடசாலை அபிவிருத்திச் சங்கத் தெரிவு பற்றியவை. ஐந்துக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி (வெல்லாவெளி வாசகர்): எங்கள் பாடசாலை தரம் 11 வரை. நிறைவேற்றுக் குழுவுக்கு என் பெயரை முன்மொழியப் போகிறார்கள். பெற்றோர் கேட்பதோ நீண்ட பட்டியல்: கணித ஆசிரியர், மலசலகூடம், மதில், பஸ், ஸ்மார்ட் போர்ட். எதை முதலில் வைப்பது?

பதில்: பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் கதவைத் தட்ட வேண்டிய வேலை என்று குறியுங்கள். தண்ணீர்க் குழாய், மலசலகூடப் பராமரிப்பு, கூரை ஒழுக்கு, மின்விசிறி எல்லாம் அதிபரும் சங்கமும் சேர்ந்தால் முடிகிறவை. ஆசிரியர் நியமனம் உங்கள் கையில் இல்லை. அது வலயக் கல்விப் பணிமனைக்கும், அதற்கு மேல் திருகோணமலையிலுள்ள மாகாண நிர்வாகத்துக்கும் உரியது. தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு வரை போகும். மாகாண சபை உறுப்பினரைப் பிடித்துக் காரியம் பார்க்கலாம் என்று சொல்ல அப்படி ஒருவரும் இப்போது இல்லை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. பஸ்ஸுக்கு, மாணவருக்கான ‘சிசு செரிய’ சேவையைக் கேட்டு அதிபர் மூலம் எழுதலாம்.

ஆகவே “கணித ஆசிரியரைக் கொண்டு வருவேன்” என்று மேடையில் சொல்லாதீர்கள். “ஆளணி விபரத்தை, அதாவது எத்தனை ஆசிரியர் வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கை, எடுத்து அடுத்த கூட்டத்தில் வாசிப்பேன்” என்று சொல்லுங்கள், அது முடியும். எங்களைக் கேட்டால் வரிசை இது: தண்ணீரும் மலசலகூடமும், பிறகு வெறுமையாய்க் கிடக்கும் பாடவேளைகள், பிறகு வரவு குறைந்த பிள்ளைகள். 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. இடைவிலகிய பிள்ளையைக் கிராம உத்தியோகத்தர் மூலம் தேடுவதற்குச் செலவே இல்லை. ஸ்மார்ட் போர்ட் கடைசி. பழுதானால் திருத்த ஆளும் காசும் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் வாங்கிய பலகை, இரண்டாம் வருடம் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருக்கும்.

கேள்வி (ஆரையம்பதி வாசகி): பெண்பிள்ளைகள் 180 பேர், மலசலகூடங்கள் ஐந்து. கட்டி மூன்று வருடம்தான். மார்கழி வந்தால் எல்லாம் நிரம்பி மேலே தள்ளுகிறது. புதிதாய்க் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: எண்ணிக்கையும் போதாது, ஆனால் அதுவல்ல முதற் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 25 மாணவியருக்கு ஒரு கூடம். 180ஐ 25ஆல் வகுத்தால் 7.2, அதாவது எட்டு வேண்டும். இன்னும் மூன்று கட்டினாலும் அதே குழிக்கே விட்டால் மார்கழியில் எட்டும் சேர்ந்து நிரம்பும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணற்பாங்கான நிலத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் பாடசாலைக் கிணற்றுக்குள் கயிற்றில் கல் கட்டி இறக்கி, தரை மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். அது இரண்டு அடி என்றால், கழிவுநீரை மண்ணுக்குள் ஊறவிட ஆறடி ஆழத்தில் வெட்டிய உங்கள் ஊறல் குழியில் நாலடி ஏற்கெனவே நிலத்தடி நீர். அதைக் குழி என்று சொல்வதே பிழை, அது இன்னொரு கிணறு. உள்ளே போக வேண்டிய கழிவுநீர் போக வழியில்லாமல் தாங்கிக்குத் திரும்புகிறது. சந்தேகமிருந்தால் மழைக்காலத்தில் கழிவுத் தாங்கியின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெளியேறும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் காரணம் இதுதான். திறக்கிறவர் தலையை உள்ளே நீட்டக்கூடாது, நெருப்பும் கொண்டு போகக்கூடாது. உள்ளே நிற்கிற வாயு ஆளை விழுத்தும்.

திருத்தம் ஆழத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஊறல் அமைப்பின் அடி, நீங்கள் அளந்த மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். அதற்கு மணலும் சல்லியும் போட்டு மேடாக உயர்த்தி, அகலமாக, ஆழம் குறைத்துச் செய்ய வேண்டும். கூடத்தின் தரையும் அந்தளவுக்கு உயரும், எனவே படியோடு சாய்தளமும் சேர்த்துக் கேளுங்கள். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியே எதையும் வெட்டவேண்டும். இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துச் சொல்லட்டும். தாங்கியிலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்கும் பிரதேச சபையின் கலி பவுசரை ஆவணி, புரட்டாதியிலேயே கூப்பிட்டுவிடுங்கள். மழை பிடித்த பிறகு தாங்கியை முழுதாக வெறுமையாக்கினால், சுற்றியுள்ள நீர் அதை மேலே தூக்கிக் குழாயை முறித்துவிடும். பிளாஸ்டிக் தாங்கி என்றால் இன்னும் சுலபமாக மிதக்கும்.

கட்டடத்துக்குக் காசு தர ஆளுண்டு, கொண்டிக்கும் குழாய் வாசருக்கும் தர ஆளில்லை. மாதச் செலவு என்று ஒரு தலைப்பைச் சங்க வரவு செலவில் போடச் சொல்லுங்கள்: துப்புரவு செய்கிறவரின் கூலி, மூடியுள்ள குப்பைவாளி, சவர்க்காரம், கொண்டி. வளர்ந்த பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் நிற்பதற்குக் கொண்டியில்லாத கதவும் ஒரு காரணம்.

கேள்வி (திருக்கோவில் வாசகர்): வலயத்தில் கேட்டால் “உங்கள் பாடசாலைக்கு ஆளணி நிரம்பியிருக்கிறது” என்கிறார்கள். தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஒருவரும் இல்லை. யார் சொல்வது உண்மை?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். காகிதத்தில் ஆள் இருந்து வகுப்பில் இல்லாமல் போவதற்கு மூன்று வழி உண்டு. ஆசிரியரின் பெயர் உங்கள் பாடசாலையில் இருக்க, வேலை ‘இணைப்பில்’ வேறிடத்தில் நடக்கலாம். நீண்ட விடுமுறையில் இருக்கலாம். அல்லது நியமனப் பாடம் ஒன்று, படிப்பிக்கும் பாடம் வேறாக இருக்கலாம்: சமூகக்கல்விக்கு நியமனம் பெற்ற இருவர் இருந்து விஞ்ஞானத்துக்கு ஒருவரும் இல்லையென்றாலும் தலைக்கணக்குச் சரியாகத்தான் வரும்.

இதை உடைக்க இரண்டு கிழமை போதும். அதிபரின் சம்மதத்தோடு நேரசூசியின் பிரதி ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு நாளும் ஆசிரியர் இல்லாமல் போன பாடவேளைகளை மட்டும் சிவப்பில் வட்டமிடச் சொல்லுங்கள். பத்து நாள் முடிய, “தரம் 10, விஞ்ஞானம், இரண்டு கிழமையில் நடந்திருக்க வேண்டியது இத்தனை, நடந்தது இத்தனை” என்று ஒரு வரி எழுத முடியும். ஆசிரியர் பெயரை எழுதாதீர்கள், கூட்டத்திலும் சொல்லாதீர்கள். பெயர் வந்த உடனே பேச்சு ஆளைப் பற்றியதாகித் திசை மாறிவிடும்.

அந்த வரியைச் சங்கக் கூட்டறிக்கையில் ஏற்றி, கூட்டறிக்கையின் பிரதியோடு வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள், பிரதி கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கு. “ஆசிரியர் தட்டுப்பாடு” என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போய்க் கிடக்கும். பாடமும் தரமும் எண்ணும் இருந்தால் பதில் எழுதாமல் தட்டிக்கழிப்பது கடினம். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, பாட வாரியாக உள்ளவர்கள், இணைப்பில் உள்ளவர்களின் எண்ணிக்கை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் எடுக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் வாசலை விட்டு இறங்காதீர்கள், நாட்களை எண்ணுவது அதிலிருந்துதான்.

கேள்வி (களுவாஞ்சிகுடி வாசகர்): ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், அங்கே பாடசாலைச் சபைக்குத் தேர்தலே நடக்கிறது, தமிழரும் நிற்கிறார்கள் என்கிறார். இங்கே ஏன் இல்லை?

பதில்: அங்கே நடப்பது சரிதான். ஒன்ராறியோவில் மாநகரத் தேர்தலோடு சேர்த்து நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும், 2022 ஒக்டோபரிலும் நடந்தது. அப்போது ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபைக்குத் தெரிவானவர்கள் 22 பேர். ஆனால் கல்வி வரியைத் தீர்மானிக்கும் உரிமை 1990களின் கடைசியிலேயே சபைகளிடமிருந்து மாகாண அரசுக்குப் போய்விட்டது, அதையும் மச்சானிடம் கேளுங்கள். இங்கே பெற்றோர் வாக்குப் போடுவது ஒரு பாடசாலைக்குள் மட்டும், தலைவர் பதவியும் அதிபருக்கே உரியது. அதிகாரம் சிறிது, ஆனால் கணக்குப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கேள்வி (கல்முனை வாசகி): கூட்டத்தில் மூன்று நிமிடம்தான் பேசவிடுவார்கள். கணக்கு விஷயத்தையும் தொடவேண்டும், ஆனால் அதிபரைச் சந்தேகிப்பதாகத் தெரியக்கூடாது. எப்படிப் பேசுவது?

பதில்: ஆளைக் கேட்காமல் தாளைக் கேளுங்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு, காசேட்டின் மாத முடிவு மீதி, அதோடு பொருந்தும் வங்கிக் கூற்று. இந்த மூன்றும் தவணைக்கு ஒருமுறை அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டால் அதிபருக்கும் அதுவே பாதுகாப்பு. கற்றல் கற்பித்தல் பொருள்களுக்கென்று அரசு தரும் தர உள்ளீட்டுப் பணத்தைச் சங்கப் பணத்தோடு கலந்து பேசிவிடாதீர்கள், இரண்டும் வேறு கணக்கு.

பேச்சு இப்படி இருக்கலாம்: “நான் மூன்று வேலைக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். முதலாம் தவணை முடிய முன் எல்லாக் கூடங்களுக்கும் கொண்டியும் தண்ணீரும். இரண்டாம் தவணை தொடங்க முன் வெறுமையான பாடவேளைகளின் கணக்கு வலயத்துக்குப் போகும். ஒவ்வொரு தவணையும் கணக்குச் சுருக்கம் பலகையில். வேறெதுவும் இப்போது சொல்லமாட்டேன்.”

இது ஒரு நிமிடத்துக்குள் முடியும். மீதி நேரத்தில் பெற்றோர் கேள்வி கேட்கட்டும். பேசி முடிந்ததும் அந்தத் தாளைச் செயலாளரிடம் கொடுத்து, கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.