ஓட்டுக்குப் பணம்: குடியாத்தத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். சென்ற தேர்தலில் எங்கள் தெருவில் நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். வாக்குப்பதிவுக்கு இரண்டு இரவு முன்பு, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பணம் கொடுத்தார்கள். நாங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். மறுநாள் காலையில் எதிர்வீட்டு அம்மாள், "எங்கள் வீட்டில் நாலு ஓட்டு, மூன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்" என்று கட்சிக்காரர் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டார். பக்கத்துத் தெருவுக்கு வரவே இல்லை என்று இன்னொரு கூட்டம். இவர்களுக்கு எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது? காமராஜர் நின்று ஜெயித்த ஊர் இது. பணம் வாங்குகிறவர்களின் வாக்குரிமையைப் பத்து ஆண்டுகளுக்குப் பறித்தால்தான் நாடு திருந்தும். அதுவரை நான் வாக்களிக்கப் போவதில்லை. போனாலும் நோட்டாதான். நான் சொல்வதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்.
(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எதிர்வீட்டு அம்மாளின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நாலாவது ஓட்டுக்கான பணம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டது நல்ல கேள்வி. மேலிருந்து நாலுக்கும் வந்திருக்கும், நடுவில் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார். நம் ஊரில் பொதுப்பணம் நடுவழியில் காணாமல் போவதை எத்தனை பேர் இப்படி வாசலில் போய் நின்று கேட்கிறோம்? போட்ட மூன்றாம் மாதமே பெயர்ந்துபோன தெருச் சாலைக்காக அவரோ, நீங்களோ, நானோ இப்படிச் சண்டை போட்டதுண்டா?

காமராஜரை இழுக்காமல் தமிழில் அரசியல் ஊழலைப் பற்றி ஒரு கடிதமும் வருவதில்லை. போகட்டும். அவர் 1954ஆம் ஆண்டு முதலமைச்சரான கையோடு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றது உண்மைதான். ஆனால் அதை வைத்து அன்றைய வாக்காளர் யோக்கியர், இன்றைய வாக்காளர் அயோக்கியர் என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்கவில்லை. கேட்க வேண்டியது வேறொன்று. சொத்தோ பண பலமோ இல்லாத ஒருவர் இன்று வேலூர் மாவட்டத்தில் எங்காவது நிற்க விரும்பினால், ஜெயிக்கிற நிலையில் இருக்கும் எந்தக் கட்சி அவருக்கு சீட் கொடுக்கும்?

பணம் தன் வேலையை முடிப்பது அங்கேதான். வாக்குப்பதிவுக்கு இரண்டு இரவு முன்பு உங்கள் தெருவுக்கு வருவது அதன் கடைசிச் சில்லறை. விருப்ப மனு கொடுக்கவே ஆயிரக்கணக்கில் கட்டணம். அடுத்து நேர்காணல். அதில், "எவ்வளவு செலவு செய்வீர்கள்?" என்ற கேள்வி தவறாமல் வரும் என்பதை எந்தக் கட்சிக்காரரும் இப்போது ஒளித்துப் பேசுவதில்லை. தொகுதியில் நல்ல பெயர் எடுத்தவர், போராட்டத்தில் சிறைக்குப் போனவர், முப்பது வருடம் சுவரொட்டி ஒட்டியவர் எல்லோரும் அந்தக் கேள்வியில் கழிந்துபோகிறார்கள். மிஞ்சுகிற இருவரை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, இதில் ஒருவரைத் தேர்ந்தெடு என்கிறார்கள். அந்த இருவருமே பணம் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு தன் விருப்பப்படி போடுகிறவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். கொடுக்கிறவருக்கும் அது தெரியும். எதிராளி கொடுக்கும்போது தான் கொடுக்காமல் விட்டால் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில்தான் அவர் கொடுக்கிறார். அந்தப் பயத்துக்குச் செலவழிக்க வசதி இல்லாதவர் களத்திலேயே இல்லை.

நீங்கள் கடை வைத்திருப்பவர் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். 2019 மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று சட்டம் அனுமதித்த தொகை 70 லட்சம் ரூபாய். குடியாத்தமும் அடங்கிய நம் வேலூர்த் தொகுதியில் வாக்காளர்கள் 14 லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஐந்து ரூபாய்கூட வராது. எம்.பி.யின் மாதச் சம்பளம் அப்போது, படிகள் நீங்கலாக, ஒரு லட்சம். ஐந்து ஆண்டுக்கு 60 லட்சம். சட்டப்படி செலவு செய்தவருக்கே, போட்ட முதலீடு சம்பளத்தில் திரும்பாது. சட்டத்தை மீறிக் கோடிகளில் போட்டவர் அதை எங்கிருந்து எடுப்பார் என்பதை ஒரு வியாபாரிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சி செலவழிப்பதற்கு உச்சவரம்பே கிடையாது. 1974ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கினார்கள். மற்ற எத்தனையோ விஷயங்களில் பத்து இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும் நாடாளுமன்றம் அது. கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று அறிவித்து, யார் யார் எந்தக் கட்சிக்கு எத்தனை கோடி கொடுத்தார்கள் என்ற பட்டியல் வெளியானபோது நாம் எத்தனை நாள் பேசினோம்? உங்கள் தெருச் சண்டையைப் பேசிய அளவுக்குக்கூட இருக்காது.

இப்போது வாசலுக்கு வருகிறேன். பணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நல்லது. உங்களால் முடிந்தது. பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் ஒரு முதிய பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர் கேட்டார்: "வாங்காமல் அனுப்பிவிட்டால் நாளைக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?" பணத்தைக் கொண்டுவருகிறவன் வெளியூர்க்காரன் அல்ல. முதியோர் உதவித்தொகை மனுவைத் தாலுகா அலுவலகத்தில் நகர்த்திக் கொடுத்தவன். ரேஷன் அட்டையில் மருமகளின் பெயரைச் சேர்க்க உடன் வந்தவன். கணவர் இறந்தபோது பந்தலுக்கும் சான்றிதழுக்கும் ஓடியவன். அவன் நீட்டுவதை மறுத்தால், தான் எதிர்க்கட்சி ஆள் என்று அவன் பட்டியலில் ஒரு குறி விழும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். அடுத்த ஐந்து வருடமும் அரசாங்கம் என்று ஒன்று அவருக்கு அந்த ஒருவன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். உங்களுக்கு அலுவலகங்களில் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். எனக்கும் இருக்கிறார்கள். நம் நேர்மையில் ஒரு பங்கு அந்த வசதி தந்தது.

இதனால் பணம் வாங்குவது சரியென்று சொல்ல வரவில்லை. அது குற்றம். நீங்கள் கேட்கும் தண்டனை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வாக்குக்காகப் பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதில் தண்டிக்கப்பட்டவர் ஆறு ஆண்டுகள் வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்கவும் முடியாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. நீங்கள் பத்து கேட்கிறீர்கள், ஆறு அங்கே சும்மா கிடக்கிறது. ஏன் சும்மா கிடக்கிறது என்றால், கொடுத்ததற்கு சாட்சி வாங்கியவர்தான். அவர் வாயைத் திறந்தால் அவரும் குற்றவாளி. சாட்சியே கூண்டில் ஏற வேண்டிய வழக்கில் யார் சாட்சி சொல்வார்கள்? என்னைக் கேட்டால் வாங்கியவரைத் தண்டனையிலிருந்து விலக்கிவிட்டு, அவரைச் சாட்சியாக்க வேண்டும். பணம் அனுப்புகிறவர் அப்போதுதான் கொஞ்சம் யோசிப்பார்.

ஆனால் வாக்காளருக்குத் தண்டனையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் தொகுதியே தண்டிக்கப்பட்டது. 2019இல் காட்பாடி அருகே ஒரு சிமென்ட் கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கும் மேல் வருமான வரித் துறை கைப்பற்றியது. தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 18 அன்று வாக்களிக்கவிருந்தது. வேலூருக்கு மட்டும் இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 அன்று, தேர்தல் ரத்து. பண பலத்தைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல் முறை. நமக்குக் கிடைத்த பெருமை.

பிறகு என்ன நடந்தது? ஆகஸ்ட் 5 அன்று தேர்தல் வந்தது. அதே இரண்டு பெரிய கட்சிகள். முக்கிய வேட்பாளர்கள் இருவரும் அதே ஆட்கள். சுவர்களை இரண்டாம் முறை எழுதினார்கள், பிரியாணிக் கடைகளுக்கு இரண்டாம் முறை வியாபாரம். இடைப்பட்ட காலத்தில் புதிய மக்களவை ஜூன் 17 அன்று கூடிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், வேலூருக்கு எம்.பி. இல்லை. முத்தலாக் மசோதாவை நிறைவேற்றினார்கள், முஸ்லிம்கள் நிறைந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கும் தொகுதிக்கு எம்.பி. இல்லை. தேசிய மருத்துவ ஆணைய மசோதா வந்தது, சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊருக்கு எம்.பி. இல்லை. காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் வந்த அன்றுதான் நாம் வரிசையில் நின்று வாக்களித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மக்களவையிலும் அது நிறைவேறியது, அத்தோடு கூட்டத்தொடரும் முடிந்துபோயிற்று. ஆகஸ்ட் 9 அன்று வேலூருக்கு எம்.பி. கிடைத்தார். பூட்டிய அவைக்கு.

கிடங்கில் பணம் வைத்தவர்கள் இழந்தது பணத்தை. கட்சிகள் இழந்தது ஒன்றுமில்லை. பணம் வாங்காத உங்களையும் சேர்த்து 14 லட்சம் பேர் இழந்தது ஒரு கூட்டத்தொடர் முழுவதும் பேச வேண்டிய ஒரு குரலை. வாக்காளரைத் தண்டித்தால் நாடு திருந்தும் என்ற யோசனைக்கு நம் ஊரிலேயே ஒத்திகை நடந்து முடிந்துவிட்டது. லஞ்சத்துக்காகத் தேர்தலை ரத்து செய்யும் அதிகாரத்தைச் சட்டத்திலேயே எழுதித் தாருங்கள் என்று தேர்தல் ஆணையம் கேட்டது. அது சட்டமாகவில்லை. எனக்கு அந்த அதிகாரம் மட்டும் போதாது. பணம் பிடிபட்ட கட்சி அந்த மறுதேர்தலில் நிற்கக் கூடாது என்று சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதக் கைகள் நாடாளுமன்றத்தில் உயராது என்பதையும் அறிவேன்.

வழியில் வாகனங்களை நிறுத்திப் பணம் தேடும் பறக்கும் படைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஜோடி மாட்டை விற்றவன் எந்த ரசீதைக் காட்டுவான்? தேர்தல் அறிவித்துவிட்டால் சந்தையே களையிழந்துபோகிறது. தொகுதி முழுவதற்குமான பணமோ எப்போதோ வந்து, பிரிந்து, தெருத் தெருவாகக் காத்திருக்கிறது.

உங்கள் நோட்டாவுக்கு வருகிறேன். 2019இல் வேலூரில் வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள். நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். வென்றவர் வென்றார், தோற்றவர் தோற்றார், நோட்டாவுக்குப் போட்டவர்களை எந்தக் கட்சியும் தேடி வந்து ஏன் என்று கேட்கவில்லை. வாக்களிக்காமலே இருப்பது இன்னும் மோசம். பணம் கொடுக்கிறவருக்கு ஓர் உறை மிச்சம், அவ்வளவுதான். பணம் வாங்காத ஒருவர் விலகுவதால் வாங்கியவர்களின் வாக்குகளுக்கு எடை கூடும் என்பதைக் கோபத்தில் மறந்துவிட்டீர்கள்.

சலிப்பு எனக்கும் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலின் பணத்தை நீங்களும் நானும் எதிர்த்து நின்று ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் உங்கள் நகராட்சி வார்டு சில ஆயிரம் வாக்குகள்தான். அங்கேயும் பணம் விளையாடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் சுயேச்சைகள் பலர் ஜெயித்தார்கள். கட்சி மாவட்டச் செயலாளரின் நேர்காணலைத் தாண்டாமல் ஒருவர் பதவிக்கு வர முடிகிற இடம் உள்ளாட்சிதான். பேரணாம்பட்டு அம்மாவுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறவன் ஏன் கட்சிக்காரனாக மட்டுமே இருக்கிறான் என்று யோசித்தீர்களா? நீங்கள் மாதத்துக்கு ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு உங்கள் தெருவின் மனுக்களை எழுதிக் கொடுங்கள். எதிர்வீட்டு அம்மாளின் மனுவும் அதில் இருக்கட்டும். கணக்குக் கேட்கத் தெரிந்தவர் அவர், உங்களுக்கு உதவுவார்.

அடுத்த முறை பட்டியலோடு வருகிறவர்களைப் பற்றிப் புகார் செய்ய வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. பெயர் சொல்லாமலே படம் அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒருவர் அனுப்பினார். படை வந்தது, அதற்குள் தெரு காலியாகிவிட்டது. அனுப்பியவர் அதற்காக நிறுத்தவில்லை. நீங்களும் அனுப்புங்கள். உங்கள் வார்டில் அடுத்து யார் நிற்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்களே நிற்பதாக இருந்தால், சுவரொட்டி வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். காமராஜர் படம் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
வேலூர்.