ஃபைல் வகை பார்க்கும் இஃப்: பைத்தான் கேள்விகளும் பதில்களும்

ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷன் ஜேபிஜியா பிஎன்ஜியா என்று ஒரு இஃப் எழுதினேன். பிடிஎஃப் கொடுத்தாலும் "இது படம்" என்கிறதே, ஏன்?

இரண்டு சமக்குறி போட்டு ஜேபிஜி, அப்புறம் ஆர் (அல்லது), அதற்குப் பிறகு வெறுமனே பிஎன்ஜி என்று எழுதியிருப்பீர்கள். நாம் வாயால் "ஜேபிஜியா பிஎன்ஜியா" என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், ஆனால் பைத்தான் ஆருக்கு இடப்பக்கம் இருப்பதை ஒரு முழுக் கேள்வியாகவும் வலப்பக்கம் இருப்பதை இன்னொரு தனிக் கேள்வியாகவும்தான் பார்க்கும். உங்கள் வலப்பக்கத்தில் கேள்வியே இல்லை, மேற்கோள்குறிக்குள் ஒரு சொல் மட்டும் நிற்கிறது. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும், அதாவது எழுத்துத் தொடரும், பைத்தானுக்கு ட்ரூதான் (உண்மைதான்). அதனால் எந்த ஃபைல் வந்தாலும் உள்ளே விட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. ஆருக்குப் பிறகும் எக்ஸ்டென்ஷனையும் சமக்குறியையும் திரும்ப எழுதுங்கள். இல்லையென்றால் வகைகளை ஒரு லிஸ்டில் போட்டு 'இன்' கொண்டு கேளுங்கள், எனக்கு இதுதான் பிடித்த வழி. பெயர் எதில் முடிகிறது என்று பார்க்கும் எண்ட்ஸ்வித் பயன்படுத்தினால் பல வகைகளையும் ஒரே டப்புளாக (வளைவு அடைப்புக்குறிக்குள் வரும் தொகுப்பாக) கொடுக்கலாம். அங்கே லிஸ்ட் கொடுத்தால் டைப்எரர் வரும்.

ஜிஃப் கொடுத்தால் "ஜிஃப் படம்" என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "தெரியாத வகை" என்றும் அச்சிடுகிறது.

வரிசையாக இஃப், இஃப், இஃப் என்று எழுதிக் கடைசியில் எல்ஸ் போட்டிருக்கிறீர்கள். அந்த எல்ஸ் கடைசி இஃபுக்கு மட்டுமே சொந்தம். இரண்டாவதிலிருந்து எல்லாவற்றையும் எலிஃப் ஆக்குங்கள், சரியாகிவிடும்.

கேமராவிலிருந்து எடுத்த படங்களை மட்டும் ஏற்க மறுக்கிறது.

பல கேமராக்கள் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் வைக்கும், உங்கள் கண்டிஷன் சின்ன எழுத்தைத் தேடுகிறது. ஒப்பிடும் முன் பெயருக்கு ஸ்ட்ரிப் (ஓரத்து இடைவெளியை நீக்கும்), லோயர் (சின்ன எழுத்தாக்கும்) இரண்டையும் போடுங்கள். அப்படியே புள்ளியையும் சேர்த்துத் தேடுங்கள்; புள்ளி இல்லாமல் தேடினால், எக்ஸ்டென்ஷனே இல்லாமல் தற்செயலாக அந்த எழுத்துகளில் முடியும் பெயரும் தேறிவிடும்.

புள்ளியில் ஸ்ப்ளிட் செய்து இரண்டாவது துண்டை எடுக்கிறேன். சில ஃபைல்களுக்குத் தப்பாக வருகிறது.

"கணக்கு.மார்ச்.பிடிஎஃப்" என்று ஒரு பெயர் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது மார்ச். புள்ளியே இல்லாத பெயர் வந்தால் இன்டெக்ஸ்எரர். கடைசித் துண்டை எடுத்தாலும் முழுத் தீர்வு இல்லை, புள்ளி இல்லாத பெயரில் முழுப் பெயரே எக்ஸ்டென்ஷனாக வந்து நிற்கும். பைத்தானோடு வரும் பாத்லிப் மாட்யூலின் சஃபிக்ஸ் இதற்காகவே இருக்கிறது, எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் காலி ஸ்ட்ரிங் தரும். டார்.ஜிஇசட் போன்ற இரட்டை வால் ஃபைல்களுக்கு மட்டும் கடைசிப் பகுதியைத்தான் தரும், இரண்டும் வேண்டுமென்றால் சஃபிக்ஸஸ்.

எக்ஸ்டென்ஷனைப் பார்த்துவிட்டால் போதுமா?

பயிற்சிக் கணக்குக்குப் போதும். வெளியாட்கள் ஃபைல் ஏற்றும் தளத்துக்குக் கண்டிப்பாகப் போதாது, இதை யாரும் அலட்சியமாக விடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் என்பது பெயரின் ஒரு பகுதி, ரீநேம் செய்தால் மாறிவிடும், உள்ளே இருப்பது மாறாது. 2000 மே மாதத்தில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் வந்ததே இந்த வழியில்தான்: இணைப்பின் பெயரில் டிஎக்ஸ்டி என்று இருக்கும், அதற்குப் பின்னால் விபிஎஸ் (இயங்கும் ஸ்கிரிப்ட்) என்ற உண்மையான வால். தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால் பலர் கண்ணுக்குச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே பட்டது.

ஆகவே ஃபைலை அப்படியே பைட்டுகளாகப் படிக்கும் 'ஆர்பி' முறையில் திறந்து முதல் சில பைட்டுகளையும் சோதியுங்கள். பிஎன்ஜி எப்போதும் ஒரே 8 பைட்டுகளில்தான் தொடங்கும், பிடிஎஃப் வழக்கமாக சதவீதக்குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேர்டின் டாக்எக்ஸ், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், ஆண்ட்ராய்டின் ஏபிகே மூன்றும் அடிப்படையில் ஜிப் ஃபைல்கள், மூன்றுமே பி, கே என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் அனுமதிக்கும் வகைகளை மட்டும் பட்டியலிட்டு, எக்ஸ்டென்ஷன், முதல் பைட்டுகள் இரண்டையும் 'ஆண்ட்' போட்டு இணைத்துக் கேளுங்கள். எதிலும் சேராதது எல்ஸுக்குப் போய் நிராகரிக்கப்படட்டும்.